வளைவில் சரியாகத்தான் இருக்கிறது

வேகமானதா, வலுவானதா என்று தவ்ஃபீக் கேட்கிறான். கடையின் கண்ணாடி மேசைமேல் இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்திருக்கிறான். ஒன்று கறுப்பு, ஒன்று நீலம். இரண்டுக்குள்ளும் இருப்பது தீப்பெட்டி அளவில் ஒரு மோட்டார்ப் பெட்டி. சர்வோ என்பார்கள், ரிமோட் காரின் முன்சக்கரங்களை இடமும் வலமுமாகத் திருப்புவது அதுதான். கறுப்பு டப்பாவில் இருப்பது விரல் நினைத்த மாத்திரத்தில் திரும்பிவிடுமாம். நீலம் கொஞ்சம் தாமதமாம், ஆனால் கல்லில் இடித்தாலும் பிடித்த பிடியை விடாதாம். உங்களுக்கு எதுங்ணா சரிப்படும் என்கிறான். எனக்கு எது சரிப்படும். விரல் நினைத்த மாத்திரத்தில் என்றால், நான் நினைக்காத எதையாவது விரல் தானாக நினைத்துக்கொண்டால் அதையும் இந்தக் கறுப்பு உடனே செய்துவிடுமா. அப்படியானால் நீலம்தான் நல்லது. நீலம் சோம்பேறி, சின்னச் சின்ன அசைவுகளைக் காதில் வாங்காமல் விட்டுவிடும். வாங்காமல் விடுமா, அல்லது வாங்கிக்கொண்டு பிடியையும் விடாமல் இருக்குமா. டப்பாக்களுக்கு நடுவில் என் கார் மேல்கூடு கழற்றப்பட்டுக் கிடக்கிறது, ஆபரேஷனுக்குப் படுக்க வைத்த மாதிரி. ஆடி மாதத்தில்தான் அதன் நடுக்கத்தை முதலில் பார்த்தேன், சின்னியம்பாளையம் தாண்டி நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டும் மண் மைதானத்தில். நீண்ட நேர்ப்பாதையில் என் கார் மட்டும் மூக்கை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டு போனது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அள்ளிக்கொண்டு வருகிற நாள், காற்று என்றுதான் நினைத்தேன். ஆனால் மற்றவர்களின் கார்கள் அதே காற்றில் நூல் பிடித்தாற்போலப் போயின. பேக்கரி வைத்திருக்கும் ஜெயபால் பக்கத்தில் நின்றிருந்தார். உங்க வண்டிக்குக் குளிர் காய்ச்சலாட்ட இருக்குதுங்களே என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த வாரம் டயரை மாற்றினேன். நடுங்கியது. முன்சக்கரத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் கைகளைக் கழற்றிவிட்டு அலுமினியக் கைகள் போட்டேன். பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டேன். சர்வோ மாற்றினேன், ரிமோட் சொல்வதைக் காருக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளும் ரிசீவரை மாற்றினேன், கடைசியில் ரிமோட்டையே மாற்றினேன். ஒவ்வொரு பாகமும் மாட்டிய அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். ஒவ்வொரு ஞாயிறும் அது நேர்ப்பாதைக்கு வந்ததும் நடுங்கியது. வளைவில் சரியாகத்தான் இருக்கிறது. ரிமோட்டின் சக்கரத்தை ஒரு பக்கமாகத் திருப்பி இழுத்துப் பிடித்திருக்கும்போது ஒரு பிசிறு இல்லை. நேராக விட்டுவிட்டுக் கையைச் சும்மா வைத்திருக்கும்போதுதான்.

சும்மா. ஒரு நாளில் இந்த வார்த்தையை எத்தனை தடவை சொல்கிறேன். நேராப் போறப்ப கையச் சும்மா வைங்க, வண்டி தானாப் போகும், நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். இருபது வருஷத்துக்கு மேலாகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன், நல்லசிவம் டிரைவிங் ஸ்கூல் என்றால் காந்திபுரத்தில் தெரியும். புதிதாகக் கற்க வருகிறவர்கள் ஸ்டியரிங்கைத் தொங்குகிற ஆள் கயிற்றைப் பிடிப்பதுபோலப் பிடிப்பார்கள். பிடித்துக்கொண்டிருப்பதால்தான் வண்டி ஆடுகிறது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். நான் இடப்பக்க சீட்டில் உட்கார்ந்திருப்பேன். அங்கே ஸ்டியரிங் கிடையாது. காலடியில் ஒரு பிரேக், ஒரு கிளட்ச், அவ்வளவுதான். எதிரே லாரி வந்தால் நிறுத்தலாம், ஒதுங்க முடியாது. கைகளுக்கு வேலையே இல்லாத சீட். மடியில் வைத்துக்கொள்வேன். இப்போதெல்லாம் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன். ஏசி குளிர் என்று ஒரு பையனிடம் சொன்னேன், அவன் ஏசியைக் குறைத்தான், பாவம். குளிராகவும் இருக்கலாம். ஐம்பத்து நாலு வயதில் குளிர் தாங்காமல் போவது ஊரில் இல்லாததா. ஜெயபாலுக்கு முட்டி வலிக்கிறது, அதற்காக அவர் எதையாவது நினைத்துக் கொள்கிறாரா. ஆனால் போன மாதம் ஒரு பெண் மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கும்போது கிளட்சைப் பாதி அழுத்திக்கொண்டே ஆக்சிலேட்டரை மிதித்தாள். சார் ஏதோ கருகற வாசம் வருது என்று அவள்தான் சொன்னாள். எனக்கு வரவில்லை. ஜன்னலை இறக்கினேன், மூக்கை உறிஞ்சினேன், வரவில்லை. கிளட்ச் கருகினால் தெருமுனையில் நிற்கும்போதே கண்டுபிடிக்கிறவன் நான். சளி என்று சொல்லிக்கொண்டேன். சளி இல்லை.

டீ சொல்லட்டுங்களாண்ணா என்று தவ்ஃபீக் கேட்கிறான். வேண்டாம் என்கிறேன், இப்பத்தான் குடித்தேன் என்கிறேன். குடிக்கவில்லை. இந்தச் சந்தில் டீ பேப்பர் கப்பில் விளிம்புவரை ஊற்றித்தான் வரும். கப்பைக் கையில் எடுத்துக் குடிக்கும்போது ஒன்றும் ஆகாது, அதுவும் எனக்குத் தெரியும். குடித்துவிட்டுப் பேச்சு சுவாரசியத்தில் சும்மா பிடித்திருக்கும்போதுதான் டீயின் மேல்பரப்பில் வட்டம் வட்டமாக வரும். அம்மாவின் டம்ளரில் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு வலது கைக் கட்டைவிரலில் ஆரம்பித்தது. பேசிக்கொண்டிருக்கும்போது, டிவி பார்க்கும்போது, உப்பை அள்ளி விரல் நுனியில் வைத்து உருட்டுகிற மாதிரி. தண்ணீர் மொண்டால் நின்றுவிடும், பூக் கட்டினால் நின்றுவிடும். வேலை கொடுத்தால் கை அடங்கிவிடும் என்பதால் யாருக்கும் ரொம்ப நாள் தெரியவில்லை, அம்மா வேலை செய்யாமல் இருந்த நேரமே குறைச்சல். நரம்பு டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில், இவங்களுக்கு முன்னாடியே வாசனை தெரியாமப் போயிருக்குமே என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பால் அடிப்பிடித்ததுகூடத் தெரியாமல் அம்மா அடுப்பு முன்னாலேயே நின்றிருந்ததை நினைத்துக்கொண்டோம். அதற்கு அப்புறம் அம்மாவுக்கும் நாங்கள் பாகங்களாகத்தான் வாங்கினோம். இரண்டு கைப்பிடி வைத்த டம்ளர். அடியில் ரப்பர் ஒட்டிய தட்டு. கனமான கரண்டி, கனமாக இருந்தால் ஆடாது என்று யாரோ சொன்னார்கள். கொக்கிக்குப் பதில் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த ரவிக்கை. குளியலறையில் கம்பி, அப்புறம் நடைவண்டி, அப்புறம் சக்கர நாற்காலி. ஒவ்வொன்றும் வாங்கி வந்த அன்று வேலை செய்தது. கரண்டி வந்த அன்று அம்மா தானே சாப்பிட்டாள், சிந்தாமல். நான் கடைக்காரருக்குப் போன் போட்டு நன்றிகூடச் சொன்னேன். கலாமணிதான் அப்போது எல்லாம் செய்தாள், மாமியார் என்று பார்க்காமல். அவள் ஒருநாள் எரிச்சலில், கொஞ்சம் கையைப் புடிச்சு வைங்களேன் அத்தை என்றபோது அம்மா சொன்னாள், நான் எங்கே ஆட்டறேன் சாமி, அதுவா ஆடுதே. குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று சொல்கிற குரல். அதுவா ஆடுதே. அது யார்.

மருந்துக்குக் கேட்கும் என்றார்கள், கேட்டது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது, நல்ல வருஷங்கள் நிறையவே இருந்தன, அம்மா பழனிக்குப் போய் வந்தாள், பேத்தி கல்யாணத்தில் சந்தனம் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் முகம். முகத்தில் ஒன்றுமே வராமல் போனது. நல்ல செய்தி சொன்னாலும் கெட்ட செய்தி சொன்னாலும் ஒரே முகம். உள்ளே எல்லாம் இருக்குது, வெளியே வர்றதில்லை என்று டாக்டர் சொன்னார். ரிமோட் சரியாக இருந்து ரிசீவர் கெட்டுப்போனால் கார் அப்படித்தான் நிற்கும். சே, எதை எதோடு. ஆனால் காலையில் வண்டியை எடுக்கும்போது பின்னால் பார்க்கிற கண்ணாடியை என் பக்கமாகத் திருப்பி ஒருமுறை சிரித்துப் பார்க்கிறேன். யாரும் பார்க்காதபோது சிரிக்கிற சிரிப்பு எவனுக்கும் சரியாக வராது, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கலாமணி பார்த்தாளா தெரியவில்லை. போன வாரம் டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, நான் சோபாக் கைமேல் கையை வைத்திருந்தேன். என்னுங்க தாளம் போடறீங்க, பாட்டே இல்லியே என்றாள். நான் உடனே ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தேன். தாளத்துக்கு ஏற்ற பாட்டாகத் தேடவேண்டியிருந்தது, அது எந்தப் பாட்டுக்கும் சேராத வேகம். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று அவள் பார்க்கவில்லை. இரண்டாவதை நான் நினைப்பதில்லை, இந்தக் கடைக்கு வந்துவிடுகிறேன். இங்கே எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு. சுவர் முழுக்கப் பாகங்கள், பிளாஸ்டிக் பைகளில் ஆணியில் தொங்குகின்றன, உடைந்தால் அது, தேய்ந்தால் இது, வளைந்தால் இன்னொன்று. ஒரு காரை முழுவதுமாகப் பாகம் பாகமாக மாற்றிவிட்டாலும் அது என் கார்தான், யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

தவ்ஃபீக் இரண்டு டப்பாக்களையும் ஓரமாக நகர்த்துகிறான். வாங்கறதுக்கு முன்னாடி ஒருக்கா வண்டியப் பாத்தர்லாங்ணா, சும்மா சும்மா மாத்திட்டே இருக்கறமே என்கிறான். நல்ல பையன் என்பதில் சந்தேகமில்லை, முப்பது வயதுக்கு மேல் இருக்கும், வேறு கடைக்காரனாக இருந்தால் இரண்டையும் என் தலையில் கட்டியிருப்பான். அவசரமாக, பின் ஷாக் அப்சார்பருக்குள்ள ஊத்தற எண்ணெய் இன்னும் கெட்டியா வேணும், பின்பக்கம் துள்ளறதாலகூட முன்னாடி ஆடலாமில்ல என்கிறேன். ஆடலாங்ணா, ஆனா அது வேற மாதிரி ஆடும் என்கிறான். கெட்டி எண்ணெய் எடுத்துக் காட்டு என்கிறேன். எடுத்துக் காட்டுகிறான். சின்னப் புட்டி, தேன் மாதிரி. புட்டியைச் சாய்க்கிறேன், உள்ளே ஒரு காற்றுக்குமிழி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக ஊர்ந்து போகிறது. இதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். உடம்புக்குள் இப்படிக் கெட்டியாக ஏதாவது ஊற்றிவிட முடிந்தால். அடுத்து மோட்டார்ப் பல்சக்கரத்தைப் பற்றிக் கேட்கிறேன், சின்னதாகப் போட்டால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் நடுக்கம் குறையாதா. குறையாதுங்ணா, மெதுவா நடுங்கும் என்கிறான், சிரிக்காமல். டயரைப் பற்றிக் கேட்கிறேன். அவன் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே காரை ஒரு மரக்கட்டைமேல் ஏற்றிவைக்கிறான், நாலு சக்கரமும் அந்தரத்தில் இருக்கும்படி. பேட்டரியைச் செருகுகிறான். சர்வோ கொசு மாதிரி மெல்ல ரீங்கரிக்கிறது. ரிமோட் என் பையில் இருக்கிறது, குடுங்ணா என்று கை நீட்டுகிறான், கொடுக்கிறேன்.

துப்பாக்கி மாதிரி இருக்கும் அது. இடது கையில் பிடியைப் பிடித்து விசையில் விரலை வைக்க வேண்டும், வலது கை பக்கவாட்டில் இருக்கும் ஸ்பாஞ்சு சுற்றிய சின்னச் சக்கரத்தின்மேல். தவ்ஃபீக் இடமாகத் திருப்புகிறான், முன்சக்கரங்கள் இடமாகப் போகின்றன. வலம், வலம். நடுவில் விடுகிறான். சக்கரங்கள் நேராக நிற்கின்றன. அவன் கை ரிமோட்டின் சக்கரத்தின்மேல் சும்மா இருக்கிறது. சக்கரங்கள் நேராகவே நிற்கின்றன. குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறான். கடை வாசலில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது, அடுத்த கடையில் யாரோ ஷட்டரைத் தூக்குகிறார்கள், சக்கரங்கள் ஆணியடித்த மாதிரி நிற்கின்றன. ஆடு என்று காரிடம் சொல்கிறேன், மனசுக்குள், அவன் கையில் ஒரே ஒருதடவை ஆடிவிடு, உனக்கு எது வேண்டுமானாலும் வாங்கித் தருகிறேன், கறுப்பு, நீலம், இரண்டும். தாயைக்கூட நான் இப்படிக் கெஞ்சியதில்லை. ஆடவில்லை. "வண்டியில ஒண்ணும் இல்லீங்களேண்ணா" என்கிறான் தவ்ஃபீக். உண்மையிலேயே குழம்பிப்போய்த்தான் சொல்கிறான். பிறகு, இங்க பாருங்க என்று ரிமோட்டை என் பக்கம் நீட்டுகிறான்.

வாங்காமல் இருக்க என்ன சொல்லலாம். அவசரமாகப் போக வேண்டும் என்று சொல்லலாம், மாலை வகுப்பு இருக்கிறது, பக்கத்துத் தெருப் புடவைக் கடையில் பில் போடுகிற மரகதம் என்ற அம்மா வேலை முடிந்து நேராக இங்கேதான் வருவார், கடை வாசலில் வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறேன். இன்னும் நேரம் இருக்கிறது. பரவாயில்லை நீயே பார்த்தாயே என்று சொல்லலாம். சொன்னால் அவன் என்ன நினைப்பான். நினைத்தால் என்ன. அவன் கை நீட்டியபடியே இருக்கிறது, நீட்டிய பொருளை வாங்காமல் விடுகிற பழக்கம் நம்மிடம் இல்லை, என் கைகள் தாமாகப் போய் வாங்கிக்கொள்கின்றன. இடது கை பிடியில். வலது கை சக்கரத்தில். முதலில் திருப்புகிறேன், முழுக்க இடமாக, பிடித்து நிற்கிறேன். ஆடவில்லை. பார், ஆடவில்லை. முழுக்க வலமாக. ஆடவில்லை. இப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிடலாம். தவ்ஃபீக், நேரா விடுங்ணா என்கிறான். விடுகிறேன். ஒன்றும் ஆகவில்லை. மூச்சை விடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை, அப்பாடா என்று ஒரு சந்தோஷம் காலிலிருந்து ஏறி வருகிறது, காற்றுதான், மைதானம்தான், நான்தான் கிறுக்கன், கலாமணியிடம் இன்றைக்கு ராத்திரி இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைக்கும்போதே முன்சக்கரங்கள் ஆரம்பிக்கின்றன. மெல்லத்தான். இட வலம் இட வலம், யாரோ சின்னக் குழந்தை இல்லை இல்லை என்று தலையாட்டுவதுபோல. நான் காரைப் பார்க்கிறேன். தவ்ஃபீக்கும் காரைப் பார்க்கிறான். அப்புறம் அவன் பார்வை காரை விட்டு மேலே வருகிறது, ரிமோட்டுக்கு, என் கட்டைவிரலுக்கு. அங்கே வெகுநேரம் நிற்கவில்லை. அந்த மரியாதை அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்ததோ, உடனே சுவரில் தொங்கும் பாகங்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். சர்வோ சத்தம் மட்டும் கேட்கிறது. நிறுத்தப் பார்க்கிறேன். இறுக்கிப் பிடித்தால் நிற்கிறது, கொஞ்சம் தளர்த்தினால் வருகிறது. நான் எங்கே ஆட்டுகிறேன். நான் ஆட்டவில்லை என்று இவனிடம் எப்படிச் சொல்வது.

ஏதாவது பேச வேண்டுமே என்று, போன மாசம் கழட்டின பழைய சர்வோவ என்ன பண்ணினே என்று கேட்கிறேன். குரல் சரியாகத்தான் வருகிறது. ஒரு காலேஜ் பையனுக்குக் குடுத்துட்டேங்ணா, நல்லா ஓட்டறான் என்கிறான். அலுமினியக் கைக்கு முன்னாடி இருந்த பிளாஸ்டிக் கை? அதுவும் நல்லாத்தான் இருந்துச்சுங்ணா, ஸ்பேர்ல வெச்சிருக்கேன். ரிசீவர்? அதுவுந்தாங்ணா என்கிறான். எல்லாமே நல்ல பாகங்கள். ஆடியிலிருந்து ஒவ்வொன்றாகக் குற்றம் சாட்டிக் கழற்றி எறிந்தேன், ஒன்றின்மேலும் ஒரு குறை இல்லை, இப்போது இந்தக் காரில் பழி சொல்ல எதுவும் மிச்சம் இல்லை. தவ்ஃபீக் மேசையைச் சுற்றி என் பக்கம் வருகிறான். என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கவில்லை, என் கையில் இருக்கும்போதே அதன் சின்னத் திரையில் ஏதோ பட்டன்களை அழுத்துகிறான். தலை குனிந்தபடி சொல்கிறான்: "இதுல ஒண்ணு இருக்குதுங்ணா. நடுவுல கொஞ்சம் செத்த எடம் வெச்சுக்கலாம். கை லேசா அசையறதெல்லாம் வண்டிக்குப் போகாது. பெரிசாத் திருப்புனா மட்டுந்தான் கேக்கும்." மைதானத்துக்கு வருகிறவர்களில் கொஞ்சம் பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறான். பொய். இருக்கட்டும். திரையில் ஒவ்வொரு எண்ணாக ஏற்றுகிறான். ஏற்ற ஏற்ற முன்சக்கரங்களின் ஆட்டம் சின்னதாகிறது, ஒரு தயக்கமாகிறது, பிறகு நின்றுவிடுகிறது. நின்றுவிட்டது. ஆணியடித்த மாதிரி, அவன் கையில் நின்ற மாதிரியே. என் கையைப் பார்க்கிறேன். அது நிற்கவில்லை. அது பாட்டுக்கு உப்பை உருட்டிக்கொண்டிருக்கிறது, அதன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஆளும் காதைப் பொத்திக்கொண்டபிறகும். வண்டி சரியாகிவிட்டது. இத்தனை மாதமாக நான் கேட்டது இதைத்தானே, வண்டி நேராகப் போக வேண்டும் என்றுதானே. ஞாயிற்றுக்கிழமை நூல் பிடித்தாற்போலப் போகும், ஜெயபால் என்ன மாத்துனீங்க என்று கேட்பார். மாற்றவில்லை, செத்த இடத்தைப் பெரிதாக்கினேன் என்று சொல்வேனா. எடுத்துரட்டுங்களா, வேண்டாமுன்னா பழையபடி வெச்சுர்றேன் என்று தவ்ஃபீக் கேட்கிறான், என் முகத்தில் என்ன பார்த்தானோ. ஏதாவது பார்த்தானே, அது போதும், முகத்தில் இன்னும் ஏதோ வருகிறது. இருக்கட்டும் தவ்ஃபீக் என்கிறேன். அவன் கறுப்பு டப்பாவையும் நீல டப்பாவையும் எடுத்து மறுபடி அலமாரியில் வைக்கிறான். ஏதாவது வாங்காமல் போகக் கூச்சமாக இருக்கிறது. எண்ணெய்ப் புட்டியைக் காட்டி, இதக் குடு என்கிறேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, இது வேண்டாங்ணா என்று மெதுவாகச் சொல்கிறான். காரை அவனே பையில் வைத்து, ஜிப்பை அவனே மூடி, வாசல்வரை எடுத்துக்கொண்டு வந்து தருகிறான். பாத்துப் போங்கண்ணா என்கிறான். எப்போதும் சொல்வதுதான்.

வெளியே வெயில் இறங்கியிருக்கிறது. வண்டியின் தலையில் பெயர்ப்பலகை, முன்னாலும் பின்னாலும் சிவப்பு எல். பையைப் பின்சீட்டில் வைத்துவிட்டு ஏறிக் கதவைச் சாத்துகிறேன். சாத்திய பிறகுதான் தெரிகிறது, இடப்பக்கம் ஏறியிருக்கிறேன். எதிரே ஸ்டியரிங் இல்லை. இறங்கி அந்தப் பக்கம் போகலாம், சாவி என்னிடம்தான் இருக்கிறது. எங்கே போவது. டாக்டரிடம் போகலாம். போனால் பெயர் வைத்துவிடுவார். பெயர் இல்லாதவரை அது குளிர், காற்று, வயது, எதுவாகவும் இருக்கலாம். போகாவிட்டாலும் அதற்குப் பெயர் இருக்கத்தான் செய்கிறது, நான் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். கலாமணியிடம் சொல்லலாம். ஒருமுறை எல்லாம் செய்து முடித்தவளிடம், துடைத்து, ஊட்டி, தூக்கி, முடித்துக் குளித்துவிட்டு வந்தவளிடம், மறுபடியும் என்று எந்த வாயால் சொல்வது. அவள் அழமாட்டாள். சரி என்பாள். அந்தச் சரியைத்தான் என்னால் கேட்க முடியாது. கிளட்ச் மேல் காலை வைத்துப் பார்க்கிறேன், பிரேக் மேல் வைத்துப் பார்க்கிறேன். கால்கள் நன்றாக இருக்கின்றன. கால்களைப் பற்றி இன்னும் நினைக்க வேண்டாம். ஸ்கூலை யாரிடமாவது விட்டுவிடலாமா, அதற்குள்ளேயா, கை சும்மா இருக்கும்போதுதானே, பிடித்தால் நிற்கிறதே, பிடித்துக்கொண்டே இருந்தால் என்ன, எதையாவது. எவ்வளவு நாள் எதையாவது பிடித்துக்கொண்டே இருப்பது.

மரகதம் அம்மா தெருமுனையில் வருவது தெரிகிறது. தோளில் பை, கையில் டிபன் கேரியர், புடவைக் கடைச் சீருடைமேல் ஒரு சால்வை. கணவர் மஸ்கட்டில், அவர் வாங்கிவிட்டுப் போன கார் வீட்டு வாசலில் உறைபோட்டு நிற்கிறதாம். பேருந்து கடந்தாலே கண்ணை மூடிக்கொள்கிறவர், அவரைப் போல பயந்தவர்கள் என்னிடம் அதிகம் வந்ததில்லை. வலது பக்கம் ஏறி, கேரியரைப் பின்னால் வைத்து, சீட்டை முன்னால் இழுத்து, பெல்ட் மாட்டி, கண்ணாடியைச் சரிசெய்து, நான் சொல்லிக்கொடுத்த வரிசையில் எல்லாம் செய்கிறார். சாவியைக் கொடுக்கிறேன். ஸ்டார்ட் செய்கிறார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கிளம்பலாமுங்களா சார் என்று கேட்பதற்காக என் பக்கம் திரும்புகிறார். அப்போதுதான் என் வலது கை மடியில் கிடக்கிறது என்பது எனக்கு நினைவு வருகிறது, அதைத் தொடைக்கு அடியில் வைக்க மறந்திருக்கிறேன். அவர் பார்த்துவிட்டார். தவ்ஃபீக் மாதிரிப் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை, கியருக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கும் கையை நேராகவே பார்க்கிறார். முகம் சின்னதாகிவிடுகிறது.

"நான் ஓட்டறதுனால பயமா இருக்குதுங்களா சார் உங்களுக்கு?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறக்கிறேன். குளிர் என்று சொல்லலாம், ஏசியைக் குறைப்பார். சிரிக்கலாம். உங்களால இல்லம்மா என்று ஆரம்பித்தால் பிறகு எதனால் என்று முடிக்க வேண்டும். அவர் கேட்டதில் பாதி சரியாக இருக்கிறது. இத்தனை மாதத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி, நானும் என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை, பேரிங்கைப் பற்றித்தான் கேட்டேன், சர்வோவைப் பற்றித்தான் கேட்டேன்.

"ஆமாம்மா," என்கிறேன். "பயமாத்தான் இருக்குது."

சொன்னதும் ஒன்றும் நடக்கவில்லை. தெருவில் பழவண்டிக்காரர் எலுமிச்சைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார். கை ஆடிக்கொண்டிருக்கிறது. மரகதம் அம்மா கோபப்படவில்லை, வருத்தப்பட்ட மாதிரிகூடத் தெரியவில்லை. வாத்தியாருக்கும் இருக்கும்போல என்று ஏதோ ஒரு பாரம் இறங்கியவர் மாதிரி மூச்சை விடுகிறார். எனக்குந்தாங்க என்கிறார். பிறகு கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டரைப் போட்டு, பின்னால் வருகிற பைக் போகட்டும் என்று காத்திருந்து, என் பக்கம் திரும்பாமலே, குழந்தையை மடியில் வைத்திருக்கிறவரிடம் சொல்வதுபோலச் சொல்கிறார்.

"மெதுவாவே போறேனுங்க சார். நீங்க கெட்டியா எதையாச்சும் புடிச்சுக்கங்க."

ஜன்னலுக்கு மேலே ஒரு கைப்பிடி இருக்கிறது. இத்தனை வருஷத்தில் நான் அதைத் தொட்டதில்லை. வண்டி நகர்கிறது.